காற்றுக் கசிவுச் சோதனை: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

வீட்டின் மின் செலவைத் தணிக்கை செய்ய வருபவர்கள் சில வேளைகளில் கதவில் பெரிய ஃபேனை மாட்டிக் காற்றுக் கசிவை அளக்கிறார்கள். அதையொட்டி அடிக்கடி வரும் கேள்விகள் இவை. கடலோர வீடுகளை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். குளிர் நாட்டுக் கையேடுகளில் உள்ள அறிவுரை பல இடங்களில் இங்கே பொருந்தாது.

சோதனையில் என்னதான் செய்வார்கள்?

கதவு நிலைக்குள் நீளம் அகலம் மாற்றக்கூடிய அலுமினியச் சட்டத்தைப் பொருத்தி, அதில் காற்றுப் புகாத நைலான் துணியை இழுத்து மாட்டுவார்கள். துணியின் அடிப்பக்கத் துவாரத்தில் ஒரு ஃபேன் இருக்கும். இந்தக் கருவிக்கு ப்ளோயர் டோர் என்று பெயர். ஃபேன் உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் சந்து, இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே பாயும். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) வித்தியாசத்தை நிலைநிறுத்த நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை மேனோமீட்டர் என்ற அழுத்தமானி காட்டும். அதுதான் மொத்தக் கசிவு.

ஜன்னலைத் திறந்துபோட்டு வாழும் ஊரில் இது எதற்கு?

திறந்துபோட்டு வாழும் அறைக்கு இது தேவையே இல்லை. ஹால், சமையலறை, தாழ்வாரத்தை அளப்பது வீண் செலவு. ராத்திரி கதவைச் சாத்தி ஏசி போடும் படுக்கையறைக்குத்தான் இந்தச் சோதனை. முழு வீட்டையும் அளந்து ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும் தணிக்கையால் இங்கே யாருக்கும் பயனில்லை.

கொஞ்சம் காற்று புகுந்தால் என்ன ஆகிவிடும்?

நம் கரையோரத்தில் காற்றோடு வரும் வெப்பத்தைவிட, அதோடு வரும் ஈரம்தான் ஏசிக்குப் பெரிய சுமை. கணக்குப் போட்டே பார்க்கலாம். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அறைக்காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறினால் மணிக்கு 360 கிராம் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக உள்ளே வருகிறது. எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3 லிட்டர். ஏசியின் வடிகுழாயில் சொட்டும் தண்ணீரில் பெரும்பங்கு இதுதான். இந்த ஈரத்தைப் பிரிக்க ஏசி சுமார் 250 வாட் குளிர்ச்சியைச் செலவழிக்கிறது. மூன்று டிகிரி சூட்டைத் தணிக்க ஆவதோ வெறும் 30, 35 வாட்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அப்படிப்பட்ட இரவில் வெளிக்காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் வியர்க்கும். ஏசி குழாய்த் துளையைச் சுற்றியும், சுவிட்ச் போர்டு ஓரத்திலும், பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சை படர இது ஒரு முக்கியக் காரணம்.

சோதனைக்கு முன் வீட்டுக்காரர் என்ன செய்து வைக்க வேண்டும்?

அடுப்பை அணைத்து சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் கீசர் இருந்தால் அதையும் நிறுத்தியாக வேண்டும். ஃபேன் வீட்டுக் காற்றை இழுக்கும்போது கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாம் அணைந்திருக்கட்டும். சாம்பல் பறந்தால் கூட்டி அள்ளுவது உங்கள் வேலை.

குளியலறைத் தரை டிராப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அதிகம் புழங்காத குளியலறையில் டிராப் காய்ந்திருக்கும். அப்படியே சோதனை செய்தால் சாக்கடை நாற்றம் அறைக்குள் வந்துவிடும், கசிவு எண்ணும் பொய்யாக ஏறும்.

ஏசி அறையை மட்டும் அளப்பது எப்படி?

1. அறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து கன அளவு எடுங்கள். சுவரோடு பதித்த மூடிய அலமாரியைச் சேர்க்க வேண்டாம்.

2. ஏசி, சீலிங் ஃபேன், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றையும் நிறுத்துங்கள். அறை ஜன்னல்களைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். டேப் எதுவும் ஒட்டக் கூடாது. தினமும் எப்படிச் சாத்துவீர்களோ அப்படியே இருக்க வேண்டும்.

3. ஹாலின் ஜன்னல்களையும் வாசற்கதவையும் திறந்துபோடுங்கள். அப்போதுதான் அறைக்கு வெளியே எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் இருக்கும். ஹாலிலிருந்து அறைக்குள் வருவதும் ஏசி இல்லாத ஈரக்காற்றுதானே, அதுவும் கணக்கில் சேரட்டும்.

4. அறைக்கதவு நிலையில் சட்டத்தை மாட்டி, ஃபேன் வாயை மூடி வைத்து, இயற்கையாக உள்ள அழுத்த வித்தியாசத்தை அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். 5 பாஸ்கலுக்கு மேல் இருந்தாலோ ஊசலாடிக்கொண்டே இருந்தாலோ அன்று சோதனையைத் தள்ளிப் போடுங்கள். இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9972 முறையிலும் 5 பாஸ்கல்தான் எல்லை.

5. சின்ன அறைக்கு ஃபேனில் சிறிய துவார வளையம் போட வேண்டும். போட்ட வளையம் எது என்று மேனோமீட்டரிலும் மாற்ற வேண்டும். இதை மறந்தால் எண் பல மடங்கு தவறாக வரும். களத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

6. 10 பாஸ்கலில் தொடங்கி 10, 10 ஆகக் கூட்டி 60 வரை போய், ஒவ்வொரு நிலையிலும் காற்றோட்டத்தைக் குறியுங்கள். ஐந்து புள்ளிகளாவது வேண்டும். அழுத்தம் கூடும்போது காற்றோட்டம் எப்படி ஏறுகிறது என்பதைக் காட்ட அவற்றிலிருந்து கணக்கிடும் அடுக்கெண் 0.5க்கும் 1க்கும் இடையில் விழ வேண்டும், 0.65 ஒட்டி வருவது வழக்கம். அதற்கு வெளியே போனால் நடுவில் ஏதோ ஜன்னல் திறந்துகொண்டது, அல்லது மேனோமீட்டரின் குழாய் மடங்கிவிட்டது என்று பொருள்.

7. ஃபேனைத் திருப்பி வைத்து, காற்றை உள்ளே தள்ளியும் ஒரு முறை அளங்கள். நம் ஊரில் ஜன்னல் கதவுகள் பெரும்பாலும் வெளிப்புறமாகத் திறப்பவை. உள்ளிருந்து இழுக்கும்போது அவை சட்டத்தோடு இறுகி ஒட்டிக்கொள்ளும், கசிவு குறைவாகத் தெரியும். தள்ளும்போதுதான் அவற்றின் உண்மையான இடுக்கு வெளிப்படும். இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் கதவில் சட்டத்தை மாட்டுகிறோமோ அந்தக் கதவின் இடுக்கு அளவில் சேராது. பால்கனிக் கதவு இருந்தால் சட்டத்தை அங்கே மாட்டி, அறைக்கதவைச் சாத்தி இன்னொரு முறை அளந்தால் அதுவும் பிடிபடும். பால்கனி இல்லாவிட்டால் கதவடி இடைவெளியை அளவு டேப் வைத்து அளந்து தனியே கூட்டுங்கள்.

குளியலறை ஒட்டிய அறை என்றால் அதன் கதவைச் சாத்தி ஒரு முறை, திறந்து ஒரு முறை அளப்பது நல்லது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளியலறையின் கண்ணாடி லூவர் ஜன்னல் விடும் காற்று.

வந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

50 பாஸ்கலில் 160 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வந்ததாக வைத்துக்கொள்வோம். அதை 60ஆல் பெருக்கி 1200 கன அடியால் வகுத்தால் 8. அதாவது அந்த அழுத்தத்தில் மணிக்கு 8 முறை அறைக்காற்று மாறும். இதை ஏசிஎச்50 என்பார்கள்.

இன்னொரு கைக்கணக்கு: சிஎஃப்எம் எண்ணை 10ஆல் வகுத்தால் எல்லாச் சந்துகளும் சேர்ந்து எத்தனை சதுர அங்குலம் என்பது தோராயமாகக் கிடைக்கும். இதைத் திருப்பியும் போடலாம். மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால் 18 சதுர அங்குலம், சுமார் 180 சிஎஃப்எம். மேலே சொன்ன அறையில் அந்த ஒரு கதவடி மட்டுமே 9 ஏசிஎச்50. மற்ற எல்லாச் சந்தும் சேர்ந்து 8, கதவடி மட்டும் 9! தணிக்கை அறிக்கையில் கதவடி இல்லையென்றால் கேளுங்கள்.

மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் உருவான பாசிவ் ஹவுஸ் தரம் 0.6 ஏசிஎச்50 கேட்கிறது. அமெரிக்காவின் கட்டட எரிசக்தி மாதிரி விதியின் 2012 பதிப்பு வெப்பப் பகுதிகளுக்கு 5 என்றது. நம் ஏசி அறைக்கு 5 ஒட்டி வந்தால் போதும் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கீழே இறக்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஏசிஎச்50ஐ 20ஆல் வகுத்தால் அன்றாடக் கசிவு வரும் என்று ஒரு வாய்பாடு இணையத்தில் சுற்றுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வெப்ப வித்தியாசம் இருக்கும் குளிர் நாட்டு வீடுகளிலிருந்து வந்தது அது. இங்கே வித்தியாசம் 3 முதல் 10 டிகிரிதான். காற்றை நகர்த்துவது பெரும்பாலும் கடற்காற்றும் எக்ஸாஸ்ட் ஃபேனும். காற்றசையாத இரவில் கசிவு மிகக் குறைவு, காற்றடிக்கும் இரவில் பல மடங்கு. ஒரே எண்ணில் அடக்க முடியாது.

50 பாஸ்கலில் ஜன்னல் கண்ணாடி உடையாதா?

உடையாது. 50 பாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு 5 கிலோ எடை அளவு அழுத்தம், அவ்வளவுதான். சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் 2 அடிக்கு 2 அடி ஃபால்ஸ் சீலிங் பலகைதான் மேலெழும்பக் கூடும். அப்படி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் செய்வது?

காலையில், கடற்காற்று எழுவதற்கு முன். தரையருகே காற்று விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் நம்பகமான அளவு கிடைப்பது கடினம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீட்டிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் மதியத்துக்கு மேல் மேனோமீட்டர் ஒரு எண்ணில் நிற்காது.

மாதமும் முக்கியம். மரக்கதவும் மர ஜன்னலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதி இறுகும். சித்திரை, வைகாசியில் சுருங்கிச் சந்து விடும். மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண் வரும். ஏசி அதிகம் ஓடும் கோடையில் அது உண்மையாக இருக்காது. மர வேலை உள்ள வீடு என்றால் ஏப்ரல், மே மாதத்தில் அளங்கள்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் 50 வரவில்லை. ஏன்?

முதலில் ஏதாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்: குளியலறை வென்டிலேட்டர், பரண் வழி, பழைய ஜன்னல் ஏசி இருந்த ஓட்டையில் வைத்த பலகை. எல்லாம் சரியென்றால் அறையே அவ்வளவு ஓட்டை. 25 பாஸ்கலில் அளந்து 1.57ஆல் பெருக்கினால் 50க்கான தோராய எண் வரும். ஒற்றைப் புள்ளியில் எடுத்தது என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

வழக்கமாக எங்கெல்லாம் கசிகிறது?

கதவடி முதலிடம். அடுத்து ஸ்ப்ளிட் ஏசியின் குழாய்த் துளை. இரண்டரை அங்குலத் துளை போட்டு அதில் செம்புக் குழாய், வயர், வடிகுழாய் மூன்றையும் நுழைத்துவிட்டு, வெளிப்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்துப் போய்விடுவார்கள். உள்ளே முழுக்கக் காலி. பல்லி, எறும்பு எல்லாம் வரும் வழி அது. உட்புற யூனிட்டின் பின்னால் மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது.

சுவிட்ச் போர்டுக்குள் கை வைத்தால் காற்று வீசுவதை உணரலாம். சுவருக்குள் ஓடும் பைப் மொட்டை மாடியிலோ மீட்டர் பெட்டியிலோ திறந்திருக்கும். ஸ்லைடிங் யூபிவிசி ஜன்னலில் இரண்டு கதவும் சந்திக்கும் நடுக்கோடும், தேய்ந்த தூரிகைப் பட்டையும் கசியும். கடலோரத்து இரும்பு ஜன்னலில் உப்புக்காற்றால் கீல் துருப்பிடித்துக் கதவு ஒரு பக்கம் தொங்கும். மேல் மூலையில் விரல் நுழையும் அளவு சந்து இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது எந்த ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்புறம் அந்த ஜன்னலை மாற்றவில்லை என்றால், கசிவு இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

உயரமும் ஒரு காரணம். குளிர்ந்த காற்று கனமானது, கதவடி வழியாக வழிந்து வெளியேறும். அதற்கு ஈடாக மேலே உள்ள துளைகள் வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். ஆகவே கீழே உள்ளதை மட்டும் அடைத்தாலும் பாதிப் பலன் கிடைக்கும். மேலும் கீழும் அடைத்தால் முழுப் பலன்.

வெப்பக் கேமரா வைத்துக் காட்டுகிறார்கள். அதை நம்பலாமா?

ஃபேன் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த படமாக இருந்தால் நம்பலாம். ஏசியை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, ஃபேன் போட்டால் சந்தின் ஓரத்திலிருந்து விரல் விரலாகச் சூடு பரவுவது தெரியும். வெயில் பட்ட மேற்குச் சுவர் முழுதும் சூடாகத் தெரிவது கசிவு இல்லை. ஓதம் ஏறிய சுவர் குளிர்ச்சியாகத் தெரிவதும் கசிவு இல்லை.

கருவி இல்லாமல் நாங்களே பார்க்க முடியுமா?

எண் கிடைக்காது, இடம் கிடைக்கும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, குளியலறைக் கதவைத் திறந்து, அந்த ஜன்னல் லூவரைப் பாலித்தீன் தாளால் மூடி ஒட்டுங்கள். படுக்கையறைக் கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், ஏசி யூனிட்டின் பின்புறம், கதவைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழாமல் அறைப்பக்கம் வளையும் இடம் கசிவு. சுவிட்ச் போர்டுக்கு ஊதுபத்திக்குப் பதில் மெல்லிய நூலைப் பிடியுங்கள். திரைச்சீலையை முதலில் கழற்றிவிடுங்கள். சாம்பிராணிப் புகை வேண்டாம். அடர்த்தியில் எதுவும் தெரியாது.

எதை எதால் அடைப்பது?

கதவடிக்கு: பலகையின் உள்புறம் திருகும் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை. தரை சமமாக இல்லாவிட்டால் தூரிகை நல்லது. கதவு திறக்கும் வளைவு முழுவதும் தரையை அளந்துவிட்டு வாங்குங்கள். சாத்திய நிலையில் மட்டும் அளந்தால் பாதி வழியில் தட்டும்.

ஏசி துளைக்கு: கெட்டியாகாத ஏசி புட்டியை உள்ளும் வெளியும் ஒரு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். சிமென்ட் பூசாதீர்கள், அடுத்த முறை குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும். வடிகுழாய் நசுங்கினால் தண்ணீர் அறைக்குள் சொட்டும்.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே: கால் அங்குலம் வரை சிலிக்கான். காடி வாசனை வீசும் சிலிக்கான் இரும்பை அரிக்கும், நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட அகலமான சந்துக்குப் பியூ ஃபோம். ஃபோம் அடிக்கும் முன் சந்தில் தண்ணீர் தெளியுங்கள், ஈரத்தில்தான் இறுகும். பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், அது ஊதும். காய்ந்தபின் வெட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடியுங்கள்; வெயில் பட்டால் ஃபோம் உதிர்ந்துவிடும்.

சுவிட்ச் போர்டுக்கு: மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பைப் வாயில் புட்டி வைத்தால் போதும். பெட்டிக்குள் ஃபோம் அடிப்பது ஆபத்து.

எதை அடைக்கக் கூடாது?

யூபிவிசி ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் உள்ள வடிதுளைகளை. அவற்றை அடைத்தால் கார்த்திகை மழையில் தண்ணீர் உள்பக்கம் வழியும். சமையலறை வென்டிலேட்டரையும், கேஸ் கீசர் உள்ள குளியலறை ஜன்னலையும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா?

நியாயமான கேள்வி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றி விடுகிறது. 34 கன மீட்டர் அறையைச் சுத்தமாக அடைத்து இரண்டு பெரியவர்கள் தூங்கினால் கார்பன் டையாக்சைடு மணிக்கு 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் 700 பங்கு) அளவுக்கு ஏறும். இருவருக்கு நிமிடத்துக்கு 20 கன அடி புதுக்காற்றாவது வேண்டும். அதைக் கதவடியும் பல்லித் துளையும் தீர்மானிக்க விடாமல், கொசுவலை போட்ட ஒரு சிறு வென்டிலேட்டரைக் கொஞ்சம் திறந்துவைத்து நீங்களே தீர்மானியுங்கள். ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்குத் தோதல்ல. மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் இழுக்கும். குளியலறைக் கதவு திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் அறையின் குளிர்ந்த காற்று மொத்தமும் வெளியே போய்விடும். ராத்திரி முழுக்க அதை ஓடவிடும் வீட்டில் சோதனையே வேண்டாம், சுவிட்சை அணைத்தால் போதும்.

பழைய ஓட்டு வீடு, மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால்?

முற்றம் வைத்த வீட்டை அடைக்க முயல்வது வீண். அது காற்றோடுவதற்காகவே கட்டப்பட்டது. ஓட்டுக்கூரையின் கீழ் ஜிப்சம் சீலிங் போட்டு ஏசி வைத்திருந்தால், லைட் துளைகளும் சுவரோரக் கோடும்தான் முக்கியக் கசிவு. சுண்ணாம்புச் சுவரில் கசிவை நிறுத்துவதாக நினைத்து சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ அடிக்காதீர்கள், ஓதம் வெளியேற வழியின்றிக் காரை உதிரும்.

எவ்வளவு யூனிட் மிச்சமாகும்?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தேவைக்கு மேல் வரும் காற்றில் மணிக்கு ஒரு மாற்றம் குறைந்தால், மேலே சொன்ன அறையில் இரவுக்கு எட்டு மணி நேரத்தில் 0.6 யூனிட் அளவு. கடலூர்ப் பக்கத்து இருமாதக் கணக்கில் 35, 40 யூனிட். உண்மையான ஆதாயம் வேறு: அறையில் புழுக்கம் குறைந்தால் 22இல் வைத்த ஏசியை 26க்கு ஏற்றி, சீலிங் ஃபேனோடு தூங்கலாம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்கிறது.

மேல்மாடி அறையாக இருந்து, மொட்டை மாடியில் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ இல்லையென்றால் முதலில் கூரையைக் கவனியுங்கள். அங்கே கசிவுக்கு இரண்டாம் இடம்தான்.

சட்டப்படி இந்தச் சோதனை கட்டாயமா?

இல்லை. வீடுகளுக்காக பிஇஇ 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா சுவர், கூரை வழியாக வரும் வெப்பத்துக்கு வரம்பு வைக்கிறது. நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்கச் சொல்கிறது.

அடைத்தபின் மறுபடி அளக்க வேண்டுமா?

முதல் முறை கருவி வைத்து அளந்திருந்தால் அதே கதவில், அதே வளையத்தோடு, அதே மாதத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஊதுபத்தியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் போதும். ஏசியை 25இல் வைத்து மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். 70க்கு மேல் நின்றால் இன்னொரு துளை பாக்கி இருக்கிறது, அல்லது அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி சீக்கிரம் குளிர்வித்துவிட்டு, ஈரத்தைப் பிரிக்க நேரமில்லாமல் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது.